மடு மண் போட்ட சட்டி

போன மாதம் என் மகள் எனக்கு ஒரு போன்சாய் மரம் வாங்கிக்கொண்டு வந்தாள். அறுபது தாண்டிய ஆட்களுக்கு என்ன வாங்கிக் கொடுப்பதென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய திண்டாட்டம். சீலை வாங்கினால் நிறம் சரியில்லை என்போம், இனிப்பு வாங்கினால் சீனி வருத்தம் என்போம். அதனால் மரம். கொழும்பில் வாங்கி, மடியில் வைத்தபடியே மன்னார் வரை பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஒரு சாண் உயரம், நீலச் சட்டி, தண்டிலும் கிளைகளிலும் கம்பி சுற்றியிருந்தது. அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் நான் கம்பி வெட்டும் குறடு ஒன்றால் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன்.

“ஐயோ அம்மா! அது டிசைன். கம்பியோடதான் வித்தவை!”

“கம்பி கடிக்குது பிள்ளை. இஞ்ச பார், பட்டையில தழும்பு.”

“மரத்துக்குப் போய் இப்பிடி அழுறியளே?” என்றாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அவளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு ஏலவில்லை. என் வயதுக்காரர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு மடு மாதா கோயில் திருநாளும் தெரியும், நேர்த்தி முடிச்சும் தெரியும், நம் தாய்மாரையும் தெரியும்.

நாங்கள் அரைப்பாவாடையும் மூக்குச்சளியுமாகத் திரிந்த காலம். எங்கள் மன்னார்த் தீவுக்கு ரயில் ஓடியது, தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடியது, கழுதைகள் இப்போது போலவே தெருவை மறித்துக்கொண்டு நின்றன. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு என் மாமா, சுவாமியாராகப் படித்துக்கொண்டிருந்த குருமடத்தை விட்டு வீட்டுக்கு வந்தார். ‘விட்டு வந்தார்’ என்று நான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அம்மா என் வாயில் மிளகாய்த்தூள் போட்டிருப்பாள். “லீவில வந்து நிக்கிறான், உடம்புக்கு ஏலாது,” என்பதுதான் ஊருக்கு அவள் சொன்னது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் முன்பின்னாகப் போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். சின்ன வயதில் அவருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து, வைத்தியரும் கையை விரித்துவிட்டாராம். அம்மா மடுமாதாவிடம் நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் உம்முடைய பீடத்துக்கே தருகிறேன், குருவானவராக்கி விடுகிறேன். பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு அவர் விளையாடும்போது கூட அம்மா “சுவாமியார், சாப்பிட வாங்கோ” என்றுதான் கூப்பிடுவாளாம்.

ஊர் நினைத்தது அம்மாவுக்குப் பெருமை என்று. பெருமை இருந்ததுதான், ஏன் இல்லையென்று சொல்லவேண்டும். ஆனால் அதற்கு அடியில் பயம். கொடுத்ததை நாங்கள் திருப்பி எடுத்தால் மடுத் தாயாரும் தான் கொடுத்ததைத் திருப்பி எடுப்பாள் என்று அவள் நம்பினாள். தம்பி குருவாகாவிட்டால் தம்பி சாவான். அவளுக்கு அது அவ்வளவு நேரானது. சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளின் தலையெழுத்தை இப்படி நேர்ந்து விட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமா வரும்போது ஒரு பெட்டியும் ஒரு பிஸ்கற் ரின்னும் கொண்டுவந்தார். ரின்னுக்குள் ஈரப் பாசி சுற்றிய இரண்டு கன்றுகள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் முளைத்த ஜூனிப்பர். குருமடத்துத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரச் சுவாமியார் போன்சாய் வளர்த்தாராம், தன் நாட்டுக்குத் திரும்பும்போது மாமாவுக்கு இவற்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஜூனிப்பர் என்ற சொல் எங்கள் ஊர் வாயில் நுழையவில்லை. இலையைப் பார்த்து எல்லாரும் ‘மலைச் சவுக்கு’ என்றார்கள். பெரியதில் அங்கேயே கம்பி சுற்றிவிட்டிருந்தார். தண்டு ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு யோசனை மாறியதுபோல் மறுபக்கம் திரும்பி நின்றது. சின்னது வெறும் குச்சி.

போன்சாய்ச் சட்டிக்கு நாங்கள் எங்கே போவது? அம்மாவின் மீன் சட்டிகளில் அகலமானதாகப் பார்த்து இரண்டை எடுத்து, அப்பாவின் துளைபோடும் மெசினால் அடியில் ஓட்டை போட்டுவிட்டார் மாமா. சந்தையால் வந்த அம்மா கண்டாள்.

“அட பாவி! நண்டுக் கறி காய்ச்சிற சட்டியடா! அடியெல்லாம் ஓட்டை!”

“தண்ணி நிக்கக் கூடாது அக்கா. நிண்டால் வேருக்கு மூச்சுமுட்டும்.”

“எனக்கு இப்ப மூச்சுமுட்டுது. அதுக்கு ஆர் ஓட்டை போடுறது?”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அம்மாவைச் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் இருந்தால் மத்தியானச் சோற்றுக்கே ஒரு ருசி வந்துவிடும். அவர் போகக்கூடாது என்று நான் இரவுச் செபத்தில் அம்மாவுக்குக் கேட்காமல் வேறு மன்றாட்டு வைத்தேன். ஒரே மாதாவிடம் ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம்.

சட்டிக்குள் மண்ணே கிடையாது. உடைந்த கூரை ஓடுகளை இடித்து அரித்த துருவலும், அருவியாற்றுப் பருமணலும் மட்டும். ஊற்றிய தண்ணீர் அடியால் உடனே ஓடிவிடும். எங்கள் கிணறு சவர், உப்புத் தண்ணீர். அதனால் கோயிலடிக் கிணற்றிலிருந்து குடிக்க எடுத்துவந்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு அந்த மரங்களுக்குப் போகும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவர். தண்ணீர்ப் பம்பு, அரைக்கும் மில், எதனுடைய மோட்டர் எரிந்தாலும் எங்கள் வீட்டு முன்னால் சாய்த்து இறக்கிய பத்திக் கொட்டிலுக்குத்தான் வரும். பொழுதெல்லாம் செப்புக் கம்பியோடு இருப்பார், வாய் திறக்கமாட்டார். எதைக் கேட்டாலும் “பாப்பம்” என்பார். தங்கமான மனிசன் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

அவருடைய கழிவுக் கம்பிதான் சின்ன மரத்துக்கு. கம்பியைச் சிரட்டை நெருப்பில் போட்டுச் சிவக்கவிட்டு எடுப்போம். மேலிருந்த வார்னிஷ் எரிந்து மூக்கைத் துளைக்கும். ஆறிய பிறகு கம்பி கறுத்து, சொன்னபடி வளையும். மாமா இடது பெருவிரலால் தண்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சரிவாகச் சுற்றிக்கொண்டே போவார். ஒரு சுற்று மற்றதன்மேல் ஏறக்கூடாது. இறுக்கினால் மரம் சாகும், தொய்ந்தால் கம்பி பிடிக்காது. சுற்றி முடித்த பிறகுதான் வளைப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம், விட்டுவிட்டுக் கொஞ்சம். மரம் முனகுவது எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. நல்ல எலுமிச்சம்பழ வாசம் வந்தது.

“எப்ப மாமா கம்பியைக் கழட்டுறது?”

“வளைவு பிடிச்ச உடன. பிந்தினால் தண்டு தடிச்சு, கம்பி பட்டையைக் கடிச்சிடும். சுத்திக் கழட்டவும் கூடாது, வெட்டித்தான் எடுக்கவேணும்.”

அன்றைக்குத்தான் அவர் நகத்தைப் பற்றியும் சொன்னார். அம்மா கிணற்றடியில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

“இந்த மரம் பெரிய பொய்க்காரன். செத்தாலும் கன நாளைக்குப் பச்சையாய் நிக்கும். நாங்கள் உயிரோட நிக்குதெண்டு தண்ணி ஊத்திக்கொண்டிருப்பம். பட்டையை நகத்தால கீறிப் பாக்கவேணும். உள்ளுக்குப் பச்சையெண்டால் உயிர் இருக்கு. மண்ணிறமெண்டால் முடிஞ்சுது.”

“செத்தும் பச்சையாய் நிக்கிற மரமோ? நல்ல மரம்தான்,” என்றாள் அம்மா, செதிலிலிருந்து தலையைத் தூக்காமல்.

சோளகக் காற்று தொடங்கி, மணல் பறந்து சோற்றுக் கோப்பைக்குள் விழுகிற காலம் வந்தது. மாமா திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. ஊர் ஒரு பெண்ணைத் தேடியது. வாலிபன் ஒருவன் குருமடத்தை விட்டு வந்தால் பெண் இருக்கத்தானே வேண்டும். அதுதான் இல்லை. பெண் இருந்திருந்தால் ஊருக்கு விளங்கியிருக்கும், அம்மாவும் நாலு நாள் ஒப்பாரி வைத்துவிட்டுத் தாலிக்கொடிக்குச் சொல்லியிருப்பாள். காரணமே இல்லாமல் வேண்டாம் என்றால் அதை யார் ஏற்பார்கள்?

சைக்கிளில் கருவாடு வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் சட்டிகளைக் குனிந்து பார்த்தார்.

“என்ன தம்பி, ஆனை மாதிரிப் பெருக்க மரம் நிக்கிற ஊரில நீங்க சட்டிக்குள்ள மரம் வளக்கிறீங்க! நிழலுக்கு எறும்பு வருமோ?”

கேலி முடிந்ததும் அவரே மாமாவிடம் சொன்னார், முருங்கன் பக்கத்தில் தன் வளவு ஒன்று சும்மா கிடக்கிறது, கிணறு நல்ல தண்ணீர், மண்ணும் நல்லது, பூங்கன்று போடுவதென்றால் வந்து போடலாம் என்று. மாமாவின் முகம் அன்றைக்கு மாறியதை நான் பார்த்தேன். சைக்கிளில் போய் வளவைப் பார்த்துவிட்டும் வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், ஒரு கிணறும் கொஞ்சம் மண்ணும்.

அதை அம்மாவிடம் சொல்ல அவருக்குத் துணிவில்லை. அப்பாவிடம் சொன்னார். பத்தியில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே, நானும் அங்கேதான் இருந்தேன்.

“அத்தான், எனக்கு அங்க போக ஏலாது. செபம் சொல்லேக்க வாய் மட்டும்தான் அசையுது. அக்காட்ட நீங்கள்தான் சொல்லவேணும். நீங்கள் சொன்னால் கேப்பா.”

அப்பா கையிலிருந்த சுருளை முழுவதும் சுற்றி முடித்தார்.

“பாப்பம் மச்சான்,” என்றார்.

மாமா அதை ‘ஓம்’ என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வாரமாக அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தார், அப்பா சொல்லிவிட்டாரா என்று. அப்பா சொல்லவேயில்லை. இடையில் பங்குச் சுவாமி வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, “தம்பி எப்ப வெளிக்கிடுறார்?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, “ஆவணித் திருநாள் முடியட்டும் சுவாமி,” என்று சொல்லிவிட்டாள்.

ஆவணித் திருநாளுக்கு வண்டில் கட்டி மடுவுக்குப் போனோம். உங்களுக்குச் சொல்லவேண்டுமா அந்தக் காட்டுப் புழுதியையும் கொட்டிலையும்? நாங்கள் எல்லாரும் தேன்குழல் வாங்கித் தின்று திரிந்த நேரம், அம்மா முழங்காலில் கோயிலைச் சுற்றினாள். திரும்பும்போது எல்லாரும் ஒரு சின்னக் கடதாசிச் சரையில் மடு மண் எடுத்துவருவார்கள், பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும். அம்மா ஒரு துவாய் நிறையக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நேரே பெரிய மரத்திடம் போனாள். ஒரு வெள்ளைத் துணியில் காசும் மண்ணும் வைத்து முடிந்து, அந்த முடிச்சைத் தண்டில், சுற்றியிருந்த கம்பிக்கு மேலாலே கட்டினாள். மிச்ச மடு மண்ணை எல்லாம் சட்டிக்குள் கொட்டித் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அமத்தி மெழுகிவிட்டாள். மாமாவின் ஓட்டுத் துருவல் ஒன்றும் வெளியே தெரியவில்லை.

“தாயே, இவன் திரும்பிப் போறதுக்கு ரயில் ஏறின அண்டைக்குத்தான் இந்த முடிச்சை அவிழ்ப்பன். அதுவரைக்கும் இதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.”

மாமா பார்த்துக்கொண்டு நின்றார். “அக்கா, அந்த மண் களிமண். தண்ணி இறங்காது.”

“மாதாட மண்ணடா! பாம்பு விசத்தையே இறக்குது, தண்ணியை இறக்காதோ?”

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படி ஒரு மரத்தைக் கொல்லுவார்கள்? அவள் தன்னிடம் இருந்ததிலேயே ஆகச் சிறந்ததைத்தான் அதற்குப் போட்டாள்.

ஐப்பசியில் மாமா இன்னுமொருமுறை கேட்டுப் பார்த்தார். “கம்பி கடிக்கத் தொடங்கிட்டுது அக்கா. முடிச்சைக் கொஞ்சம் விலத்தினால் வெட்டி எடுத்துப்போட்டுத் திருப்பிக் கட்டிவிடுவன்.”

“கடிச்சால் கடிக்கட்டும். நேர்ந்து கட்டினதை இடையில அவிழ்த்தால் என்ன வரும் தெரியுமே உனக்கு? நீ எனக்கு வேணுமடா!”

அதற்குப் பிறகு மாமா கேட்கவில்லை. சின்ன மரத்தின் கம்பியை மட்டும் ஒருநாள் பேசாமல் வெட்டி எடுத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை, அது நேர்த்தி மரமில்லையே.

மாரி வந்தது. வாடைக் காற்றும் மழையும். மடு மண் போட்ட சட்டியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆனால் மரம்? அப்படி ஒரு பச்சை. சோளகத்துத் தூசியெல்லாம் கழுவுப்பட்டுப் பளபளவென்று நின்றது. அம்மா வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

நத்தாருக்குக் கோயிலில் யேசு பிறந்த பாலன் குடில் கட்டினார்கள். சீமெந்துப் பேப்பரைக் கசக்கிச் சாயம் தெளித்த மலை, பேணி மூடிகளில் முளைக்கப்போட்ட குரக்கன் பயிர்தான் புல்வெளி. ஒவ்வொரு வருடமும் மரத்துக்கு ஒடித்து வைக்கிற கிளைகள் திருநாளுக்கு முன்பே வாடிவிடும். அந்த வருடம் மாமா பெரிய மரத்தைச் சட்டியோடு கொண்டுபோய் வைத்தார். இடையர் சிலையை விட ஒரு சாண் உயரம், தண்டு வளைந்து குடிலுக்குமேல் கவிந்து நின்றது. உண்மையாகவே பெத்லகேமில் நிற்கிற மரம் என்று சனம் வரிசையில் நின்று பார்த்தது. முடிச்சை அம்மா ஒரு கிளைக்குப் பின்னால் ஒதுக்கி விட்டிருந்தாள்.

பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு அம்மா குடிலுக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுதாள். சந்தோஷ அழுகை. மாமாவின் கையைப் பிடித்து, “பாரடா தம்பி, உப்புக் காத்தில, சவர் மண்ணில, எப்பிடிப் பச்சையாய் நிக்குதெண்டு பார். தாயார் ஓம் எண்டிட்டா. உனக்கு ஒண்டும் நடக்காது. இனி எனக்குப் பயமில்லை,” என்றாள்.

மாமா மரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஓம் அக்கா, நான் போறன்,” என்றார்.

தைப் பிறப்புக்கு முன்பே போய்விட்டார். ஸ்ரேசனுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். எனக்கு மட்டும் அழவும் அனுமதி இல்லை, ‘நல்ல காரியத்துக்குப் போறவருக்கு முன்னால அழாதை’ என்று அம்மா கையில் நுள்ளினாள். மாமா என் தலையில் கைவைத்து, “சின்னதுக்குத் தண்ணி ஊத்து, என்ன?” என்றார். பெரியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றாமல் அம்மா முடிச்சை அவிழ்க்கப் போனாள். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். மழை நனைத்து இறுகிப்போன முடிச்சு, பல்லால் இழுத்துத்தான் அவிழ்த்தாள். துணி விலகியது. அதற்குக் கீழே, இரண்டு கம்பிச் சுற்றுகளுக்கு நடுவில், ஒரு நகக் கீறல். உள்ளே மண்ணிறம், காய்ந்த விறகின் நிறம்.

அம்மா அதன்மேல் விரலை வைத்தாள். தன் நகத்தால் மேலே ஒரு இடம் கீறினாள். கீழே ஒரு இடம் கீறினாள். பிறகு நனைந்த நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

“என்னம்மா?”

“கண்டிருக்கிறான். ஒருத்தருக்கும் தெரியாமல் முடிச்சுக்குக் கீழ கீறிப் பாத்திருக்கிறான். செத்ததைக் கண்டும் எனக்குச் சொல்லேல்ல.”

அவள் எழும்பி ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். அப்பா பத்தியில் வேலையைத் தொடங்கியிருந்தார்.

“இஞ்சேருங்கோ, தம்பியைக் கூப்பிடுங்கோ. தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி அடியுங்கோ. போகவேண்டாமெண்டு, திரும்பி வரச்சொல்லி.”

“என்ன விசர்க் கதை? இப்பத்தானே ரயில் ஏத்திப்போட்டு வந்தனாங்கள்.”

“அவனுக்கு விருப்பமில்லை. எனக்காகத்தான் போறான். கூப்பிடுங்கோ.”

“நேர்த்தி?”

“அதை நான் தாயாரோட கதைக்கிறன். கேக்கிறதெண்டால் என்ர உயிரைக் கேக்கட்டும். நீங்கள் கூப்பிடுங்கோ.”

அப்பா, எதற்கும் ‘பாப்பம்’ என்கிற அப்பா, அன்றைக்கு மட்டும் ‘பாப்பம்’ என்று சொல்லவில்லை. “இவ்வளவு பாடுபட்டு அனுப்பிப்போட்டு, ஊர் முழுக்க மேளமடிச்சுப்போட்டு, இனித் திருப்பிக் கூப்பிட்டால் சனம் காறித் துப்பும். போனவன் போகட்டும். விடு,” என்றார். சொல்லிவிட்டுக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார்.

அம்மாவுக்குத் தந்தி அடிக்கத் தெரியாது, தனியாகக் கந்தோருக்குள் போய்ப் பழக்கமில்லை. குசினிக்குள் போய் அடுப்பை மூட்டிக்கொண்டே அழுதாள். அவள் செத்த மரத்துக்காக அழுகிறாள் என்றே நான் நினைத்தேன்.

மரம் அதற்குப் பிறகும் பச்சையாகவே நின்றது. செத்ததென்று தெரிந்தும் அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்தபோது அது ஒரேயடியாக மண்ணிறமாகியிருந்தது, தொட்டதும் கொட்டியது. அப்பா தண்டைப் பிடுங்கினார். கம்பியை அம்மா எறியவிடவில்லை. தண்டை உடைத்து உடைத்து உள்ளேயிருந்து எடுத்தாள். மரம் இல்லாமலே அந்தக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் திரும்பி நின்றது. அதை அலுமாரிக்குள் தன் கலியாணச் சீலைக்கு மேலே வைத்தாள்.

சின்ன மரம் பல வருடம் இருந்தது. ஓட்டை மீன் சட்டியில், பத்திக்குப் பின்னால், என் ஒரு செம்புத் தண்ணீரில். நாங்கள் சண்டைக்குப் பயந்து உடுத்த உடுப்போடு படகேறி இந்தியா போனபோது அதையும் விட்டோம், அலுமாரியையும் விட்டோம். திரும்பி வந்தபோது வீட்டில் நிலைக்கதவு கூட இல்லை. மற்றதெல்லாம் போனால் போகட்டும், அந்தக் கம்பிச் சுருளையாவது அம்மா எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

மாமா குருவானவரானார். கெட்ட குருவென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சண்டைக் காலத்தில் சனத்தோடு சனமாகக் காட்டில் கிடந்தவர், பசித்த பிள்ளைகளுக்குத் தன் சோற்றுக் கோப்பையைக் கொடுத்தவர். முதல் பூசை வைத்த அன்று ஊரே வெடி கொளுத்தியது. அம்மா அவரிடம் நற்கருணை வாங்கும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாகும்வரைக்கும் அவரை ‘சுவாமி’ என்றுதான் கூப்பிட்டாள், தம்பி என்று ஒருமுறைகூட இல்லை. அது மரியாதை என்று எல்லாரும் நினைத்தோம். வீட்டுக்கு வரும்போது அவரும் நல்லாகத்தான் கதைப்பார். அந்தப் பழைய சிரிப்புத்தான் இல்லை.

இப்போது அவர் வவுனியாப் பக்கத்தில் வயதான குருமார் தங்குகிற வீட்டில் இருக்கிறார். மகள் தந்த மரத்தை எடுத்துக்கொண்டு போன கிழமை போனேன். கண் மங்கல், ஆனால் விரல்கள் மறக்கவில்லை. சட்டியை மடியில் வாங்கியதும் முதல் வேலையாகப் பெருவிரல் நகத்தால் தண்டில் மெல்லக் கீறினார்.

“பச்சையோ பிள்ளை? எனக்குத் தெரியேல்ல.”

“பச்சைதான் மாமா.”

“அப்ப உயிர் இருக்கு.”

இவ்வளவு காலமும் கேட்காததை அப்போது கேட்டேன். “நத்தாருக்குக் குடிலில வைக்கேக்க அது செத்திட்டுதெண்டு உங்களுக்குத் தெரியும், என்ன?”

“கோயிலுக்குத் தூக்கிறதுக்கு முன்னமே கீறிப் பாத்தனான். சொல்லத்தான் நினைச்சன். இந்தா, உங்கட அடையாளமே செத்துப்போச்சு, என்னை விடுங்கோ எண்டு. ஆனால் அக்கா பயமில்லை எண்டாவே. நான் பிறந்த நாள் தொட்டு அவ பயமில்லை எண்டு சொல்லி நான் கேட்டதில்லை. எப்பிடிச் சொல்லுறது?”

“அம்மா அதைக் கண்டவ மாமா. நீங்கள் போன அண்டைக்கு, முடிச்சை அவிழ்க்கேக்க.”

அவர் கை சட்டியில் அப்படியே நின்றது.

“உங்களைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லி அப்பாட்ட ஓடினவ. தந்தி அடிக்கச் சொன்னவ. நேர்த்தியைத் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டவ. அப்பாதான் விடேல்ல.”

“அக்காவோ? கூப்பிடச் சொன்னவவோ?”

“ஓம் மாமா.”

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்துபோனேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

“அண்டைக்கு ரயில் மடு ரோட் ஸ்ரேசனில கன நேரம் நிண்டது. நான் பெட்டியோட இறங்கிப் பிளாற்போமில நிண்டனான். ஏன் இறங்கினனெண்டு தெரியாது, சும்மா. ஆரும் ஒருத்தர் வந்து ஒரு சொல் சொன்னால் போதும் போல கிடந்தது. விசில் ஊதினான், ஏறிப்போட்டன்.” மரத்தை என் கையில் தந்தார். “ஒரு சொல் வந்திருந்தால் வந்திருப்பன் பிள்ளை.”

திரும்பும்போது வேண்டுமென்றே பஸ்ஸை விட்டு ரயிலில் வந்தேன். மடு ரோட்டில் நின்றது. இப்போது எல்லாம் புதிதாகக் கட்டி, பெயின்ற் அடித்துவைத்திருக்கிறார்கள். பிளாற்போமில் யாருமில்லை. மடியில் மரத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பதையும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். என் தங்கமான அப்பாவோடு, அவர் செத்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு, முதல்தடவையாகச் சண்டை பிடித்தேன். விசில் ஊதியது, ரயில் வெளிக்கிட்டுவிட்டது.